மூன்றாம் மாடி ஓடிய காலை

கெசியாவை ஆம்பூர் கம்பெனியில் எல்லோரும் ரஷ்யாக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலூர்க்காரி. அம்மா ஜெயபுஷ்பம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலேஜ் முடித்ததும் கெசியா மெட்ராஸில் தங்கி ரஷ்ய மொழி படித்தாள். எண்பதுகளில் அது வீண் படிப்பு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தைத்த ஷூ அப்பர்கள், அதாவது அடிப்பாகம் ஒட்டுவதற்கு முந்தைய மேல்பாகங்கள், பெட்டி பெட்டியாகச் சோவியத் நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சரக்கைச் சரிபார்க்க அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் தோலை விரலால் தடவிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள். கெசியா அதைத் தமிழில் சொன்ன பிறகுதான் லைனில் நிற்பவர்களுக்கு மூச்சு வரும்.

தொண்ணூற்றொன்றின் கடைசியில் அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. ஜெயபுஷ்பம் டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு, கம்பெனிக்கு ஒன்றும் ஆகாதே என்று மகளைக் கேட்டாள். ஆனது. ஆர்டர் நின்றது. கட்டி வைத்த பெட்டிகள் கோடவுனில் பூஞ்சை பிடித்தன. தையல் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். போனவர்களில் சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் பிரியாணிக் கடைகளில் வெங்காயம் உரித்தார்கள், சிலர் பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள். கெசியாவை டெலிபோன் மேஜையில் உட்கார வைத்தார்கள். அவள் படித்த மொழியைப் பேச இனி ஆம்பூருக்கு யாரும் வரப்போவதில்லை.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒருநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கம் நடத்திய ஷூ கம்பெனிகளை எல்லாம் மூடுகிறார்கள், அங்கே நல்ல தையல் மெஷின்கள் விலைக்கு வருகின்றன என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. இத்தாலிக்காரர்கள் லேடீஸ் ஷூவுக்கு ஆர்டர் தரத் தயாராக இருந்தார்கள். புது லைன் போட மெஷின் வேண்டும். மெயின்டெனன்ஸ் பார்க்கும் அதாவுல்லாவை அனுப்பலாம் என்று முடிவு செய்திருந்தார். ஆனால் அதாவுல்லாவுக்குத் தமிழும் உருதுவும்தான்.

"அங்க இங்கிலீஷ் தெரிஞ்சவங்க கம்மியாம். ஆனா அத்தனை பேரும் ஸ்கூல்ல ரஷ்யன் படிச்சவங்களாம். நீயும் கூடப் போய்ட்டு வாம்மா" என்றார் முதலாளி.

ஜெயபுஷ்பம் மறுப்பாள் என்று கெசியா நினைத்தாள். அவளோ வேலூர்க் கோட்டைப் பக்கம் திபெத்தியர்கள் போட்டிருந்த கடைகளில் ஏறி இறங்கி, தடித்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிவந்து பெட்டியில் வைத்தாள். அதாவுல்லாவின் மனைவி முனவ்வர் பேகம் இரண்டு பாட்டில் ஊறுகாய் கொடுத்துவிட்டாள்.

போலந்து எல்லையை ஒட்டிய சிறிய ஊர் அது. நவம்பர் மாதம். விமானமும் ரயிலும் மாறி மாறி ஏறி, ஒரு சாம்பல் நிறக் காலையில் போய் இறங்கினார்கள். கம்பெனி எங்கே என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் செங்கல் சுவர் ஆரம்பித்தது. அவர்கள் சுவர் ஓரமாக நடந்தார்கள். நடந்துகொண்டே இருந்தார்கள். சுவருக்கு மேலே நாலு மாடிக் கட்டடங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு மாடியிலும் வரிசையாக ஜன்னல்கள், எதிலும் விளக்கு இல்லை. கம்பெனிக்குள்ளேயே தண்டவாளம் போனது. உள்ளே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு கட்டடம் இருந்தது, நூலகம் இருந்தது, சாப்பாட்டுக் கூடம் மட்டும் ஆம்பூர் கம்பெனி முழுவதையும் விழுங்கிவிடும் போல இருந்தது. எங்கும் ஆள் இல்லை. சிம்னிகளில் காகங்கள் உட்கார்ந்திருந்தன.

அதாவுல்லா நின்றுவிட்டார். ஐம்பது வயது மனிதர், மெஷின்களைத் தவிர வேறெதையும் பார்த்து அவர் வாயடைத்துக் கெசியா பார்த்ததில்லை.

"இது கம்பெனி இல்ல கெசியாம்மா. ஊரு" என்றார் தணிந்த குரலில்.

கேட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் ஹைடெமாரி. உயரமான பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்றாம் மாடித் தையல் கூடத்தை அவள்தான் பல வருடம் நடத்திவந்தாள். இப்போது அவள் கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. அதன்படி, தான் நடத்திய கூடத்தைத் தானே பிரித்துக் காலி செய்வதற்கு அவளுக்குச் சம்பளம் கிடைத்தது.

கெசியா ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னாள். ஹைடெமாரியின் முகம் இறுகியது. ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அன்று முழுவதும் கையைக் காட்டித்தான் எல்லாவற்றையும் புரியவைத்தாள். மொழி புரியாமல் இல்லை, பேசப் பிடிக்கவில்லை என்று கெசியாவுக்குத் தெரிந்தது. திணித்துப் படிக்கவைத்த மொழி. அந்த மொழிக்காரர்களின் பட்டாளம் அப்போதுதான் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தது. இப்போது எங்கிருந்தோ ஒரு கறுத்த பெண் வந்து அதே மொழியில் மெஷின் விலை கேட்கிறாள்.

மூன்றாம் மாடியை கெசியா ஆயுளுக்கும் மறக்கவில்லை. கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவர் கண்ணுக்கு எட்டவில்லை. மெஷின்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் வெள்ளைத் துணி போர்த்தி, பனி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தன. சர்ச்சில் எல்லோரும் முழங்கால் போட்டிருக்கும்போது தாமதமாக உள்ளே நுழைந்துவிட்டவள் போல அவள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தாள். சில மெஷின்களின் பக்கத்தில் இன்னும் பூந்தொட்டிகள் இருந்தன. செடிகள் பட்டுப்போயிருந்தன. ஒரு நாற்காலியின் முதுகில் பின்னல் மேலாடை ஒன்று தொங்கியது. அதன் சொந்தக்காரி ஒரு நிமிஷம் வெளியே போயிருப்பவள் போல.

கெசியாவின் செருப்பைப் பார்த்துத்தான் ஹைடெமாரி முதலில் பேசினாள். ஆம்பூரில் வாங்கிய செருப்பு, அதற்குள் நனைந்த காலுறை. மறுநாள் காலை அவள் சாம்பிள் அறையிலிருந்து கம்பளி உள்வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கெசியாவின் காலடியில் வைத்தாள். "போட்டுக்கோ. இங்க தச்சதுதான்" என்றாள், ரஷ்ய மொழியில். சொன்னபின் தன் வாயிலிருந்தா அது வந்தது என்பதுபோல் ஒரு கணம் நின்றாள்.

அதன்பிறகு இருவரும் பேசினார்கள். இருவருடைய ரஷ்யனும் அரைகுறை. ஒருத்திக்கு மறந்த வார்த்தையை இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள். இருவருக்கும் மறந்துவிட்டால் கையால் வரைந்து காட்டுவார்கள். மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே வேர்க்க விறுவிறுக்கப் படித்த வார்த்தைகள், வாயிலிருந்து ஆவியாக வெளியே வருவதைக் கெசியா பார்த்துக்கொண்டிருந்தாள். ரஷ்யர்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன மொழியில் இந்த இருவரும் ஷூ அப்பரைப் பற்றியும் அம்மாக்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் இடிந்தபோது தானும்தான் தெருவில் ஆடினேன் என்று ஹைடெமாரி சொன்னாள். அடுத்த கோடையில் பணம் மேற்கு ஜெர்மனிப் பணமாக மாறியது. இவர்கள் ஷூவை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யர்களால் புதுப் பணத்தில் வாங்க முடியவில்லை. ஊர்க்காரர்களே மேற்கிலிருந்து வந்த ஷூவைத்தான் வாங்கினார்கள். முதலில் நாலாம் மாடி நின்றது, பிறகு இரண்டாம் மாடி. எங்கள் நாட்டில் வேலை இல்லாதவன் என்ற சொல்லை நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம் என்றாள். அது பக்கத்து வீட்டுக்காரரின் பெயராக ஆனது, பிறகு புருஷனின் பெயராக. என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"உங்க ஊர்ல வேலை போனா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

கெசியா யோசித்தாள். "வேற தேடுவாங்க" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹைடெமாரி அவளை வெகுநேரம் பார்த்தாள். இரக்கப்படுகிறாளா, பொறாமைப்படுகிறாளா என்று கெசியாவால் சொல்ல முடியவில்லை.

சிக்கல் அதாவுல்லாவிடமிருந்து வந்தது. கம்பெனிச் சாமான்களை விற்கும் அரசாங்க அலுவலகத்துக்காரர் மெஷின்களை அப்படியே கன்டெய்னரில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். கட்டடத்துக்குக் கரன்ட் எப்போதோ துண்டித்தாகிவிட்டது. அதாவுல்லா ஒத்துக்கொள்ளவில்லை. ஓடாத மெஷினைத் தான் வாங்குவதில்லை என்றார். "தூங்குதா, செத்துப்போச்சான்னு துணிய எடுத்துப் பாத்தா தெரியுமா? ஓடவுட்டாத்தான் தெரியும். சொல்லுங்க கெசியாம்மா அந்தம்மாகிட்ட."

கெசியா சொன்னாள். ஹைடெமாரி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று மாலை ஒரு ஆளோடு வந்தாள். அந்தக் கம்பெனியின் பழைய எலக்ட்ரீஷியன், இப்போது வீடு வீடாக டி.வி. டிஷ் மாட்டுகிறவர். அவர் கீழ்த்தளத்தில் இறங்கி எதையெதையோ பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை மூன்றாம் மாடிக்கு மட்டும் கரன்ட் கொடுக்க முடியும் என்றார். அலுவலகத்துக்காரரிடம் ஹைடெமாரி என்ன பேசினாளோ, அவரும் சரி என்றார்.

சனிக்கிழமை காலை கெசியாவும் அதாவுல்லாவும் போனபோது கேட்டில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஹைடெமாரி போன் செய்து வரவழைத்திருந்தாள். முப்பது வயது முதல் ஐம்பத்தைந்து வரை இருக்கும். ஒருத்தி சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறாள், யூனிஃபார்மோடு வந்திருந்தாள். ஒருத்தி வாரா வாரம் பஸ் ஏறி மேற்கே போய் ஹோட்டல் அறைகளைக் கூட்டுகிறாள். ஒருத்தி ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகிறாள். பலருக்கு எந்த வேலையும் இல்லை. எல்லோரும் பழைய நீல ஏப்ரனைப் பையில் எடுத்துவந்திருந்தார்கள்.

மெஷின்களைச் சரிபார்க்க நாலைந்து பேர் போதும் என்று அதாவுல்லா சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் பெண்கள் படியேறிவிட்டார்கள். எங்கே உட்காருவது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள், பேச்சு நின்றது, ஒவ்வொருத்தியும் நேராகப் போய்த் தன் மெஷினின் துணியை எடுத்தாள். பின்னல் மேலாடை தொங்கிய நாற்காலிக்கும் ஒருத்தி வந்தாள். அதை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணெய் விட்டார்கள், ஊசி மாற்றினார்கள், நூல் கோத்தார்கள். மீந்துபோன தோல் துண்டுகளை ஹைடெமாரி கூடையில் கொண்டுவந்து வரிசை வரிசையாகக் கொடுத்தாள்.

பிறகு அவள் சுவரோரம் போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியை மேலே தள்ளினாள்.

விளக்குகள் ஒவ்வொரு வரிசையாகத் துடித்து எரிந்தன. முதலில் ஒரு மெஷின் கேட்டது, அப்புறம் பத்து, அப்புறம் கூடம் முழுவதும். அந்தச் சத்தம் கெசியாவின் காதில் விழவில்லை, காலில் ஏறியது. பலகைத் தரை நடுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. வெளியே சிம்னிகளிலிருந்து காகங்கள் கூட்டமாக எழும்பின. நீல ஏப்ரன் போட்ட அத்தனை முதுகுகளும் ஒரே வளைவில் குனிந்திருந்தன. தோல் துண்டுகள் ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு நகர்ந்தன. தைப்பதற்கு ஷூ இல்லை, வாங்குவதற்கு ஆள் இல்லை. ஆனாலும் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டதை கெசியா ஜன்னல் வழியாகக் கண்டாள்.

அதாவுல்லா ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து கேட்டு, சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே வந்தார். நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றார். உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் உயிரோடதான் இருக்குது" என்றார்.

மேலாடை போட்ட பெண் கெசியாவின் கையைத் தொட்டு நிறுத்தினாள். இந்த மெஷினில் இனி யார் உட்காருவார்கள் என்று கேட்டாள். இன்னும் தெரியாது, யாராவது ஒரு பெண் என்றாள் கெசியா. அவளிடம் சொல், பெடலை அழுத்தி மிதிக்க வேண்டாம், லேசாகத் தொட்டாலே போதும் என்றாள் அந்தப் பெண். பகல் ஏறியதும் ஹைடெமாரி கைப்பிடியைக் கீழே இழுத்தாள். சத்தம் அடங்கிய பிறகும் தரை கொஞ்சநேரம் அதிர்ந்துகொண்டிருந்த மாதிரி கெசியாவுக்குத் தோன்றியது. பெண்கள் துணியைத் திரும்பவும் போர்த்தினார்கள், நான்கு மூலையும் இழுத்து, தொட்டிலில் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.

மறு வருடம் கன்டெய்னர்கள் மெட்ராஸ் துறைமுகம் வழியாக ஆம்பூர் வந்து சேர்ந்தன. ஏற்றி இறக்கியதில் மெஷின்கள் கலந்துவிட்டன. சாக்பீஸ் குறிகள் அழிந்திருந்தன. எந்தப் பெடலை லேசாக மிதிக்க வேண்டும் என்று கெசியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

ஹைவே ஓரம் புது ஷெட் எழும்பியது. இந்த முறை ஆண்களை எடுக்கவில்லை. இத்தாலிக்காரர்களுக்கு வேண்டிய மெல்லிய வேலைக்குப் பெண்கள்தான் சரி என்று முதலாளி முடிவு செய்தார். சுற்றுக் கிராமங்களுக்கு வேன் போனது. பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் நிலக்கடலை பிடுங்கும் வீடுகளிலிருந்தும் பத்தாவது படித்த பெண்கள் வந்தார்கள். அங்கே பொறுப்பு யாரு, பொம்பளையா ஆம்பளையா என்று அப்பன்மார் கேட்டார்கள். அப்படித்தான் டெலிபோன் மேஜையிலிருந்த கெசியா அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஆனாள்.

யாருக்குப் பின்னால் யார் உட்கார வேண்டும், வேலை எப்படிக் கை மாற வேண்டும் என்று லைனை அமைத்துக் கொடுக்க ஹைடெமாரியை முதலாளி வரவழைத்தார். அங்கே பிரிக்கும் வேலையும் முடிந்து அவள் சும்மா இருந்தாள். ஆம்பூர் வெயிலில் இறங்கியதும் அவள் முகம் செங்கல் நிறமானது. முனவ்வர் பேகம் வீட்டுப் பிரியாணியைக் காரத்தில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டாள்.

முதல் நாள் கூடத்துக்குள் அவள் நுழையவில்லை. வாசற்படியில் நின்றுவிட்டாள். அவளுடைய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ரெட்டைச் சடை, கனகாம்பரம், கண்ணாடி வளையல். ஒருத்திக்கும் இருபது வயது தாண்டியிருக்காது. அதே சத்தம், தகரக் கூரைக்குக் கீழே. ஹைடெமாரி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் சின்னப் பொண்ணுங்களா இருக்காங்களே" என்றாள் பிறகு.

கல்யாணம் ஆகும்வரை வருவார்கள், அப்புறம் நின்றுவிடுவார்கள் என்றாள் கெசியா.

"நாங்க நிக்கல. புள்ள பெத்தும் வந்தோம். புள்ளைங்களுக்கு உள்ளயே இடம் இருந்தது. நீ பாத்தியே."

கெசியா பார்த்திருந்தாள். அதைப் பற்றி அவள் முதலாளியிடம் பேசினாள். பிள்ளைகளுக்கு இடம் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னாள். அவர் இன்று நாளை என்று இழுத்தார். ஹைடெமாரி தினமும் அவர் அறை வாசலில் போய் நின்று, ரஷ்ய மொழியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். கெசியா சலிக்காமல் அதைத் தமிழில் சொன்னாள். கடைசியில், ஹைடெமாரி ஊர் திரும்பும் முன், கேன்டீன் பக்கம் ஓர் அறை கிடைத்தது. உத்தரத்தில் சேலைத் தூளிகள் கட்டினார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வள்ளியம்மாள் என்ற அம்மாள் வந்தார். பீடி சுற்றும் வீட்டுப் பெண் தனகோடிதான் முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பியவள். அவள் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பத்து வருடத்தில் அந்தக் கூடத்தில் பாதிப் பேர் தாய்மார்கள்.

இரண்டாயிரத்து நாலில் ஜெர்மனியில் நடந்த காலணிக் கண்காட்சிக்குக் கெசியா போனாள். முடிந்ததும் ரயில் ஏறி ஹைடெமாரியின் ஊருக்குப் போனாள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தவறான ஊரில் இறங்கிவிட்டோமோ என்று நினைத்தாள். சுவர் இல்லை. கட்டடங்கள் இல்லை. வானம்தான் இருந்தது, அதன் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி.

ஹைடெமாரி சைக்கிளில் வந்தாள். தலை நரைத்திருந்தது. ஊர் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கம்பெனியின் பழைய ஆட்கள்தான். "இன்னும் அதே ஆளுங்களத்தான் பாத்துக்கறேன். என்ன, இப்ப வேலை வாங்கறதில்ல, சோறு ஊட்டறேன்" என்றாள். சின்னவர்கள் எல்லோரும் மேற்கே போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் ஒன்றை மூடிவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

இருவரும் புல்லுக்குள் நடந்தார்கள். ஓரிடத்தில் ஹைடெமாரி சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து மேலே கையைக் காட்டினாள். மூன்றாம் மாடி அங்கே, அந்த உயரத்தில். கெசியாவும் அண்ணாந்தாள். வெற்று வானத்தில் ஒரு சிறு பறவை ஒரே இடத்தில் சிறகடித்துப் பாடிக்கொண்டிருந்தது. தான் நின்று நடந்த தரை, அத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்த இடம், எல்லாம் இப்போது காற்று. எவ்வளவு பெரியது, எப்படி இல்லாமல் போக முடியும் என்று கெசியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா, பக்தியா, அவளுக்கே தெரியவில்லை.

ஆம்பூர் கூடத்தில் இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஹைடெமாரி கேட்டாள். கெசியா சொன்னதும், அப்பாடா என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு மணியைப் பார்த்தாள். அவளுக்கு மதிய ஷிஃப்ட். நீயும் வா, பழைய ஆட்களுக்கு உன்னைக் காட்டுகிறேன் என்றாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் முன்னே போக, உயரமான புல்லை விலக்கிக்கொண்டு கெசியா பின்னால் நடந்தாள்.